திரும்பத் திரும்பப் பார்த்தும் சலிக்காத மாயாஜாலப் படங்கள்

மாயா பஜாரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1957இல் வந்த படம். எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் பர்மா பஜாரில் வாங்கிய வி.சி.டி. கீறல் விழுந்து திக்கும் வரை ஓடியது, அப்புறம் கேபிளில் போட்டபோதெல்லாம் பார்த்தோம், இப்போது போனில் பார்க்கிறேன். ‘கல்யாண சமையல் சாதம்’ சத்தம் கேட்டால் ஆயா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடும்.

சின்ன வயதில் லட்டு தானாகப் பறந்து கடோத்கஜனாக வரும் ரங்காராவ் வாயில் விழுவதற்காகக் காத்திருப்பேன். இப்போது காத்திருப்பது மணப்பெண் வத்சலாவாக வரும் சாவித்திரிக்காக. கடோத்கஜன் வத்சலாவாக உருமாறி அரண்மனைக்குள் நடமாடுகிற பகுதி முழுக்க, புடவை கட்டிய ரங்காராவைத்தான் அந்தம்மா நடித்துக் காட்டுகிறார். அதே மிடுக்கு, அதே தோள் நிமிர்த்தல், யாராவது வரும் சத்தம் கேட்டதும் சட்டென்று நாணிக் கோணி மணப்பெண்ணாகிவிடுவது. கல்யாண மேடையில் லட்சுமணகுமாரனாக வரும் தங்கவேலுவின் காலை மிதிக்கிற இடத்தைக் கவனித்துப் பாருங்கள். முகம் அடக்கமான பெண்ணின் முகம், கால் மட்டும் அரக்கன் கால். அந்த இடத்தில் தந்திரக் காட்சியே தேவைப்படவில்லை, எல்லாம் நடிப்பு.

தெலுங்கு மாயா பஜாரை 2010இல் கலராக்கி வெளியிட்டார்கள், அதையும் பார்த்தேன், நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனாலும் என் ஓட்டு கறுப்பு வெள்ளைக்குத்தான். மார்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவில் ‘ஆஹா இன்ப நிலாவினிலே’ பாட்டில் தண்ணீர் மேல் மினுங்குகிற அந்த வெளிச்சத்துக்கு மேலே கலர் பூச என்ன இருக்கிறது?

இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: தந்திரம் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்த பிறகும் ஒரு படத்தைப் பார்க்க முடிகிறது என்றால், அதில் யாரோ ஒருவர் மனசு வைத்து நடித்திருக்கிறார்.

1967இல் வந்த பட்டணத்தில் பூதம் அப்படித்தான். ஜெய்சங்கர், கே.ஆர். விஜயா, நாகேஷ் எல்லாரும் இருந்தும் படம் ஜாவர் சீதாராமன் கையில்தான் இருக்கிறது. ‘அந்த நாள்’ படத்துக்குத் திரைக்கதை எழுதியவர், அதிலேயே துப்பறியும் அதிகாரியாகவும் வந்தவர், அவ்வளவு கனமான ஆள். அவர் மொட்டைத் தலையோடு ‘ஜீ பூம்பா’ என்று நிற்கும்போது விளையாட்டுக்கு வந்த மாதிரியே தெரியாது, அவ்வளவு மரியாதையாக அந்தப் பூதத்தைச் செய்திருக்கிறார். கதை நடுவில் கொஞ்சம் தொய்யும், பாட்டுகள் தூக்கி நிறுத்திவிடும்.

மை டியர் குட்டிச்சாத்தான் பற்றிக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்லவேண்டும். 1984இல் வந்த இந்தியாவின் முதல் 3டி படம், மலையாளத்தில் எடுத்தது. நைனாவும் அத்தையும் தியேட்டரில் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்தேன். வீட்டு டி.வி.யில் பார்த்தால், நம் முகத்துக்கு நேரே நீட்டுகிற காட்சிகள் எல்லாம் வெறுமனே நீட்டுவதாகத்தான் தெரிகிறது. ஆனால் பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கிற பாட்டு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. அறை மாதிரி ஒரு செட் போட்டு, அந்த செட்டையே சுழலவிட்டு எடுத்தார்கள் என்று தெரிந்த பிறகு நான் அதை இன்னும் அதிகமாக ரசிக்கிறேன். அதில் வரும் பெண் பிள்ளையின் அப்பா குடிகாரர். சின்னதில் அதைக் கவனிக்கவே இல்லை. இப்போது எங்கள் பக்கத்துத் தெருக்களில் அந்த மாதிரி வீடுகளைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பிள்ளை முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது தெருவில் திரை கட்டி ‘அம்மன்’ போடுவார்கள். 1995 தெலுங்குப் படம், தமிழில் டப் ஆனது. கிராபிக்ஸ் இப்போது பழசாகத் தெரிகிறது, பொடியன்கள் சொல்லியே காட்டுகிறார்கள். ஆனால் சௌந்தர்யா வீட்டுக்குச் சின்னப் பெண்ணாக அம்மன் வந்து வேலை செய்கிற பகுதியில் பெரியவர்கள் யாரும் பேச மாட்டார்கள், கடைசியில் ரம்யா கிருஷ்ணன் கண்ணை விரித்ததும் பொடியன்களும் அடங்கிவிடுவார்கள்.

டி.வி. பக்கம் வந்தால், சன் டி.வி.யில் வந்த மை டியர் பூதம் மேல் பாசம் உண்டு, அதில் வரும் பூதம் மூசாவை மறக்க முடியாது. ஆனால் வரிசையாகப் பார்க்க உட்கார்ந்தால் இழுவை தாங்கவில்லை. பிடித்த எபிசோடு ஒன்றிரண்டைத் தனியாகப் பாருங்கள், போதும்.

சுட்டி டி.வி.யின் ஜாக்கி சான் கார்ட்டூன் வேறு கணக்கு. அமெரிக்கத் தயாரிப்புதான், ஆனால் தமிழில் குரல் கொடுத்தவர்கள் அதை நம்ம தெருப் பேச்சாக்கிவிட்டார்கள். பன்னிரண்டு மந்திரக் கற்களில் பாம்பு மறைய வைக்கும், முயல் வேகம் தரும், எலி பொம்மைக்கு உயிர் தரும் என்று என் வயசு ஆட்கள் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் பார்த்தேன், அந்தக் கிழவர் அங்கிள் எனக்கு அந்நியமாக இருந்தார். தமிழ் எபிசோடுகள் கிடைத்தால் அதையே பாருங்கள், பிரின்ட் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பட்டணத்தில் பூதத்தில் ஆரம்பிக்கலாம். மாயா பஜார் நீளம், அதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், சாவித்திரி உருமாறி வரும் பகுதியை மட்டும் நடுவில் நிறுத்தாதீர்கள்.