பத்து வருடம், ஐந்து அப்கிரேடு, ஒரே டெபியன்

2025 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இரவு, என் கணினியில் ஓடும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை 12ஆம் பதிப்பிலிருந்து 13க்கு மாற்றிக்கொண்டிருந்தேன். டெர்மினலில் பொதிகள் (நிரல்கள் வந்து சேரும் மூட்டைகள்) வரிசையாக விரிந்துகொண்டிருந்தன. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் புதிய பதிப்புக்கான கோப்பை எழுதும் இடத்தில் ஓட்டம் நின்றது. 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்.' வட்டில் 100 ஜிபிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது, எங்கே இடமில்லை? பார்த்தால், கணினி எழும்போது முதலில் படிக்கும் பூட் பகுதி. 2015இல் முதன்முதலாக நிறுவியபோது நிறுவல் நிரல் தானாக ஒதுக்கிய 236 எம்பி. அதில் பழைய கெர்னல் இரண்டு ஏற்கெனவே குடியிருந்தன.

இதில் கோபப்பட எனக்கு உரிமை கிடையாது. வெளியீட்டுக் குறிப்பில் அப்பட்டமாக எழுதியிருக்கிறார்கள்: பூட் பகுதி குறைந்தது 768 எம்பி இருக்க வேண்டும், அதில் 300 எம்பி அளவுக்குக் காலி வேண்டும், டெபியன் 10 அல்லது அதற்கு முன்பு நிறுவியவர்கள் பெரும்பாலும் மாட்டுவார்கள் என்று. நான் படிக்கவில்லை. நாலு தடவை சுமுகமாக நடந்ததால் வந்த மிதப்பு. ஒரு பழைய கெர்னலைத் தூக்கிவிட்டு, கணினி எழ உதவும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பின் அமைப்பில் எனக்கு வேண்டிய மாட்யூல்கள் மட்டும் சேரும்படி ஒரு சொல்லை மாற்றி, பாதியில் நின்றதைத் தொடரச் சொன்னேன். தொடர்ந்தது. இரவு ஒரு மணிக்கு டிரிக்ஸி, அதாவது டெபியன் 13, எழுந்து நின்றது.

2015இல் ஜெஸ்ஸி என்ற டெபியன் 8இல் தொடங்கினேன். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மடிக்கணினி. அதற்குப்பின் ஸ்ட்ரெட்ச், பஸ்டர், புல்ஸ்ஐ, புக்வர்ம், இப்போது டிரிக்ஸி. நடுவே 2019இல் கணினி மாறியது, நிறுவல் மாறவில்லை. பழைய வட்டை அப்படியே டிடி கட்டளையால் புதியதில் நகலெடுத்துக்கொண்டேன். பூட் பகுதியும் அதே 236 எம்பியோடு கூடவே வந்துவிட்டது, வேறென்ன.

பெயர்களைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். எல்லாம் டாய் ஸ்டோரி படத்துப் பாத்திரங்கள். ஆரம்ப நாட்களில் டெபியனுக்குத் தலைமையேற்றிருந்த புரூஸ் பெரென்ஸ் அப்போது பிக்சாரில் வேலை பார்த்தார், அதனால் ஒட்டிக்கொண்ட வழக்கம். அந்தப் படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் சிட். புதிய பொதிகள் முதலில் வந்து சேரும் அன்ஸ்டேபிள் கிளைக்கு என்றைக்கும் அவன் பெயர்தான்.

இந்தக் கிளைகளைப் புரிந்துகொண்ட பிறகுதான் டெபியன் எனக்கு உண்மையில் பிடித்தது. பராமரிப்பாளர் ஒரு பொதியை சிட்டில் ஏற்றுவார். அங்கே வழக்கமாக ஐந்து நாள் கிடக்க வேண்டும். கடுமையான வழு எதுவும் புதிதாகக் கிளம்பாமல், சார்ந்திருக்கும் மற்ற பொதிகளும் உடையாமல் இருந்தால் அடுத்த பதிப்பு உருவாகும் டெஸ்டிங் கிளைக்கு நகரும். நகர்த்துவது மனிதர் அல்ல, ஒரு நிரல். அதன் பெயர் பிரிட்னி. இப்படி ஒன்றரை வருடம் போல ஓடிய பிறகு ஃப்ரீஸ், அதாவது மாற்றங்களை நிறுத்தும் கட்டம், வரும். டிரிக்ஸிக்கு 2025 மார்ச் 15இல் தொடங்கியது. அன்று முதல் பெரிய நிரல் நூலக மாற்றங்களுக்குத் தடை. ஏப்ரல் 15இல் இன்னொரு சுற்று இறுக்கம், மே 15இல் ஹார்ட் ஃப்ரீஸ், ஜூலை 27இல் முழுக்கதவும் சாத்தல். ஆகஸ்ட் 9இல் வெளியீடு. அதற்குள் வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குக் கடுமையான வழுக்களை ஒவ்வொன்றாகத் தீர்ப்பார்கள். தீர்க்க ஆளில்லாத பொதியைக் கழற்றியே விடுவார்கள். அப்படிச் சலித்து எடுத்தும் டிரிக்ஸியில் 69,830 பொதிகள்.

முன்பெல்லாம் இந்த ஒழுங்கு கிடையாது. வுடி என்ற பதிப்பு 2002 ஜூலையில் வந்தது, அடுத்த பதிப்பான சார்ஜ் வர 2005 ஜூன் ஆகிவிட்டது. 'தயாரானதும் வரும்' என்பதே அன்றைய பதில். இப்போதும் பதில் அதுதான். ஆனால் எப்போது கதவு சாத்தப்படும் என்பது முன்கூட்டியே தெரிவதால் எல்லாரும் அதற்கேற்ப ஓடுகிறார்கள். சில காலமாகவே இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று கணக்காக வருகிறது. சம்பளம் தரும் நிறுவனம் ஒன்று பின்னால் இல்லாமல், உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்கள் செய்கிற வேலை இது. அவர்களுடைய வருடாந்திர மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்தது. ஒரு ராத்திரி ரயில் தூரம். லீவு கிடைக்கவில்லை. இன்னும் வருத்தம் உண்டு.

சரி, பயன்பாட்டுக்கு வருகிறேன். என் பிழைப்பு மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும். லிப்ரே ஆபீஸ், உலாவி, பிடிஎஃப், ஐபஸ் வழியாகத் தமிழ்99 தட்டச்சு, அவ்வளவுதான் தேவை. இதில், வெளியான பதிப்பான டெபியன் ஸ்டேபிளின் குறை எல்லாருக்கும் தெரிந்ததே: பழைய சரக்கு. வெளியீட்டன்று என்ன பதிப்போ, இரண்டு வருடமும் அதே பதிப்பு. பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான வழுத் திருத்தங்களும் மட்டும் உள்ளே வரும். ஃபயர்ஃபாக்ஸ் நீண்டகாலப் பதிப்பு இதற்கு விலக்கு. ஒருமுறை வாடிக்கையாளர் அனுப்பிய வேர்டு கோப்பில் அடிக்குறிப்புகள் கலைந்து வந்தபோது ஸ்டேபிளுக்கென்று புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய லிப்ரே ஆபீஸை இறக்கிச் சமாளித்தேன். அது ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கும் அவசரம். மற்ற நாட்களில், காலையில் திறந்தால் நேற்று வைத்த இடத்தில் எல்லாம் இருக்கிறது. பொத்தான்கள் இடம் மாறவில்லை. எனக்கு அது போதும். புதிது புதிதாகப் பார்க்க ஆசைப்படுகிறவர் ஆறே மாதத்தில் வெறுத்துப்போவார், அவருக்கு ஃபெடோரா, ஆர்ச் மாதிரி வேறு லினக்ஸ் நல்லது.

தொடக்கத்தில் வைஃபைதான் பெரிய தலைவலி. கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை (வைஃபை போன்ற வன்பொருள் இயங்கத் தேவையான நிரலை) அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்ற கொள்கை அப்போது இருந்தது. ஜெஸ்ஸியை நிறுவிய அன்று ஃபோனை யூஎஸ்பியில் செருகி, அதன் இணையத்தைக் கடன் வாங்கித்தான் வேலையை முடித்தேன். 2022 அக்டோபரில் அவர்களுக்குள்ளேயே ஓட்டெடுப்பு நடத்தி அந்தக் கொள்கையைத் தளர்த்தினார்கள். புக்வர்ம் முதல் ஃபர்ம்வேர் வட்டிலேயே வருகிறது. கொள்கைவாதிகள் சிலருக்கு இதில் வருத்தம். என்னைக் கேட்டால், பத்து வருடம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

ஒவ்வொரு அப்கிரேடும் ஏதோ ஒரு பழக்கத்தைக் கெடுக்கும். புக்வர்மில் பைத்தானின் நிறுவல் கருவியான பிப் கொண்டு ஒரு நிரல் நூலகம் நிறுவப் போனால், 'இது டெபியனின் பொதி நிர்வாகி ஆப்ட் பார்த்துக்கொள்ளும் இடம், தனிச்சூழல் உண்டாக்கிக்கொள்' என்று திருப்பி அனுப்பியது. கணினியின் நடப்புகளைப் பதியும் சிஸ்லாக் கோப்பைத் தேடினால் அதையும் காணவில்லை. புதிதாக நிறுவினால் இனி ஜர்னல் என்ற இன்னொரு பதிவில்தான் எல்லாம் என்றார்கள், எனக்கோ அந்தக் கோப்பை எழுதும் பொதியை எப்போதோ நானே நீக்கியிருந்தது பிறகுதான் உறைத்தது. டிரிக்ஸியில், தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு நினைவகத்துக்குப் போய்விட்டது. என்னிடம் இருப்பது 8 ஜிபி ராம். அதில் பாதிவரை டெம்ப் எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேன் செய்த 600 பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆக்கப் போனபோது பாதியில் மூச்சுத்திணறி நின்றது. டெம்ப் மவுண்டை மாஸ்க் செய்து, அதாவது முடக்கி, பழையபடி வட்டுக்கே அனுப்பிவிட்டேன். இதுவும் வெளியீட்டுக் குறிப்பில் இருக்கிறது. இதையும் படிக்கவில்லை.

ஸ்டேபிள் என்றால் அசையாத மலை என்று நினைத்துவிட வேண்டாம். 2023 டிசம்பரில் 12.3 வரவேண்டிய நேரத்தில், 6.1.64 கெர்னலில் எக்ஸ்ட்4 கோப்பமைப்பின் தரவைக் கெடுக்கும் வழு இருப்பது தெரிந்தது. பொதிகள் சர்வர்களுக்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தன. 12.3ஐ நிறுத்திவைத்து, டிசம்பர் 10ஆம் தேதியே 12.4ஐ வெளியிட்டார்கள். அந்த வாரம் நான் ஊரில் இல்லை, கணினி அணைந்து கிடந்தது. பிழைத்தது என் சாமர்த்தியத்தால் அல்ல.

மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். வீட்டில் இன்னொரு பழைய கணினியில் டெஸ்டிங் ஓட்டுவேன், வேடிக்கைக்காக. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6 பதிப்பில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்தது அம்பலமானது. கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் டெபியன் சிட் ஓட்டிக்கொண்டிருந்தவர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான உள்நுழைவு சுமார் அரை வினாடி தாமதமாவது அவருக்கு உறுத்தியிருக்கிறது. என் டெஸ்டிங் கணினியில் அந்தப் பதிப்பு வந்திருந்தது. மறுநாள் அப்டேட் செய்தபோது வந்த பதிப்பு எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்: '5.6.1+ரியலி5.4.5'. எண் பின்னோக்கிப் போனால் ஆப்ட் ஏற்காது, அதனால் '5.6.1தான், ஆனால் நிஜத்தில் 5.4.5' என்று எழுதிவிட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் கணினியை முழுக்க அழித்து மறுபடி நிறுவினேன். வேலைக் கணினியில் இருந்தது ஸ்டேபிள். பழைய சரக்கு, பின்கதவு அதன் பக்கமே வரவில்லை. அன்றைக்கு ஒரு நாளாவது, பழைய பதிப்பு என்று என்னைக் கேலி செய்யும் நண்பர்கள் வாயைத் திறக்கவில்லை.

டெஸ்டிங் ஓட்டியதால் கிடைத்த இன்னொரு அனுபவம், வழு அறிக்கை எழுதுவது. 2025 ஜூலை நடுவில் ஒரு சின்ன நிரலின் தமிழ் மெனுவில், கோப்பை மூடும் இடத்தில் 'அருகில்' என்று இருந்ததைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'குளோஸ்' என்று ஒரே எழுத்துக்கூட்டு. மொழிபெயர்த்தவர் சொல்லை மட்டும் பார்த்திருக்கிறார், இடத்தைப் பார்க்கவில்லை. வழு அறிக்கை அனுப்பும் ரிப்போர்ட்பக் நிரல் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, தீவிரம் 'மைனர்' என்று போட்டு அனுப்பினேன். கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், வெறும் மின்னஞ்சல். இரண்டாம் நாள் பராமரிப்பாளர் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். மூல நிரலாக்கரிடம் அனுப்பிவிட்டார். அவர்களும் உடனே திருத்தி அடுத்த பதிப்பில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் ஹார்ட் ஃப்ரீஸில் புதிய பதிப்புக்கு இடமில்லை. மெனுவில் ஒரு சொல் தவறு என்பதற்காக விதிவிலக்கு கேட்க முடியாது, கேட்டாலும் தரமாட்டார்கள், தரவும் கூடாது.

டிரிக்ஸி வெளியான பிறகு கதவு திறந்தது. அடுத்த பதிப்பான ஃபோர்க்கிக்கான டெஸ்டிங்கில், பழைய கணினியில், இப்போது அழகாக 'மூடு' என்று இருக்கிறது. வேலைக் கணினியில் இன்னும் 'அருகில்'தான். போன வாரம் வீட்டுக்கு வந்த நண்பர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, எதுக்கு அருகில்?" என்று கேட்டார்.

"ஃபோர்க்கிக்கு" என்றேன்.