உயிருள்ள பாசி என்ற பெயரில் சாயமேற்றிய பாசி: டெரேரியம் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வடிவமைப்புப் படிப்பின் இறுதியாண்டுத் திட்டமாக, உள்ளங்கையில் அடங்கும் மூடிய கண்ணாடிக் குடுவைகளில் டெரேரியம், அதாவது பாசியும் சிறு செடிகளும் வளரும் குட்டித் தோட்டம், செய்து விற்கும் முயற்சியில் இருக்கிறேன். இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் பாசி வாங்கி ஏமாந்ததால், முதல் தொகுப்பில் செய்த 24 குடுவைகளும் வீணாகிவிட்டன. அவர் பெயரை இங்கு எழுதவில்லை. அதே சரக்கை அதே சொற்களில் வேறு சிலரும் விற்பதைப் பின்னர் கண்டேன்.

விளம்பரத்தில் "உயிருள்ள பாசி" என்றே இருந்தது. பல நாள் பயணத்துக்குப் பிறகும் பெட்டிக்குள் இருந்த பாசி சற்றும் வாடாமல், மென்மையாக, ஒரே சீரான கரும்பச்சையில் இருந்ததைக் கண்டு, அதைத் தரத்தின் அடையாளம் என்று நம்பினேன். உண்மையில் சந்தேகம் எழுந்திருக்க வேண்டிய இடம் அதுதான். உயிருள்ள பாசி உலர்ந்தால் சுருங்கி மொரமொரப்பாகும். நீர் பட்டதும் மீண்டும் விரியும். ஈரமே இல்லாதபோதும் மென்மையாக வளையும் பாசி, பெரும்பாலும் கிளிசரினில் ஊறவைத்துச் சாயமேற்றப்பட்ட உயிரற்ற பாசி. சுவர் அலங்காரத்துக்கு அது பொருத்தமான பொருளே. ஆனால் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, மூடிய சீசாவுக்குள் பெரணி முளைத்திருப்பதை 1829இல் கண்ட காலந்தொட்டு நாம் நம்பிவரும் அந்த நீர்ச்சுழற்சி, அதாவது ஆவியாகும் ஈரம் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கும் ஏற்பாடு, இந்தப் பாசியை ஓயாமல் நனைத்துச் சாயத்தைக் கரைத்துவிடுகிறது.

நான்காம் நாள், வாரக்கணக்கில் திருத்தித் திருத்தி அமைத்த வெண்மணல் அடுக்கில் பச்சை நிறம் இறங்கியது. பத்தாம் நாளுக்குள் பாசியின் மேல் வெண்பூஞ்சை இழையோடியது. ஃபிட்டோனியாச் செடிகள் தண்டோடு அழுகின.

நான் நீரை அதிகமாக ஊற்றியதே காரணம் என்று விற்பனையாளர் முதலில் சொன்னார். படங்களை அனுப்பியதும், பிரிக்காத பொதியைத் திருப்பித் தந்தால் மட்டுமே பணம் கிடைக்கும் என்றார். இரண்டு நாளில் அவருடைய விற்பனைப் பக்கத்தில் "உயிருள்ள" என்ற சொல் "பதப்படுத்திய" என்று மாறியிருந்தது. வாங்கிய அன்றே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்ததால்தான் பாதித் தொகையாவது திரும்பி வந்தது. அதற்குள் ஒன்பது குடுவைகள் வாங்கியவர்களின் கைக்குப் போய்விட்டன. என்னை நம்பி முதன்முதலாகப் பணம் கொடுத்தவர்களுக்குத் தனித்தனியே மன்னிப்புக் கேட்டு எழுதியதுதான் எல்லாவற்றிலும் அதிகமாக வலித்தது.

ஆகவே, பொதி வந்ததும் ஒரு துண்டை வெள்ளைக் கிண்ணத்தில் நீரூற்றி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். நீர் பச்சையானால் அது சாயமே. அடிப்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்: உயிருள்ள பாசியில் பழுப்பேறிய பழைய பகுதியும் ஒட்டிய மண்ணும் இருக்கும், நுனிகளில் நிறம் ஏறியும் இறங்கியும் தெரியும். இந்தச் சோதனையில் தேறிய பாசியையும் நேராகப் பயன்படுத்தாமல், ஒரே ஒரு குடுவையில் மூடி மூன்று வாரம் கவனித்த பிறகே விற்பனைக்கான குடுவைகளில் வையுங்கள்.

அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் மாற்றுக் குடுவைக்காகக் காத்திருக்கச் சம்மதித்தனர். மற்ற இருவருக்கும் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டேன். அந்த ஏழு குடுவைகளுக்கான பாசி இப்போது சோதனைக் குடுவையில் பதினோராம் நாளில் இருக்கிறது.