ஒரே முறிவு, இரண்டு முடிவுகள்: ஈஸ்டில் டிஎன்ஏ பழுதுநீக்கம்

குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பின்போது ரொட்டி ஈஸ்டின் செல், ஸ்போ11 என்ற புரதத்தைக் கொண்டு தன் டிஎன்ஏவைத் தானே ஏறத்தாழ 160 இடங்களில் இரு இழைகளும் அறும்படி முறித்துக்கொள்கிறது. முறிந்த முனைகளில் ஓர் இழை அரிக்கப்பட, மிஞ்சிய ஒற்றை இழை, ராட்51, டிஎம்சி1 புரதங்களின் துணையோடு, மற்றொரு பெற்றோரிடமிருந்து வந்த இணைக் குரோமோசோமுக்குள் நுழைகிறது. இதுவரை பாதை ஒன்றுதான்; இதன்பின் இரண்டாகப் பிரிகிறது.

குறுக்கேற்ற வழியில், நுழைந்த இழையை எம்எஸ்எச்4, எம்எஸ்எச்5 புரதங்கள் கலையாமல் காக்கின்றன. அது இரட்டை ஹாலிடே சந்தியாக, அதாவது இரு குரோமோசோம்களின் இழைகளும் இரண்டு இடங்களில் பின்னிக்கொண்ட அமைப்பாக முதிர்ந்தபின், எம்எல்எச்1–எம்எல்எச்3 புரத இணை அதை வெட்டிப் பிரிக்க, இரு குரோமோசோம்களும் கைகளை, அதாவது தம் நீண்ட பகுதிகளை, மாற்றிக்கொள்கின்றன. மற்ற வழியிலோ, நுழைந்த இழை சிறிது தூரம் நகலெடுத்துவிட்டு வெளியேறித் தன் பழைய துணையோடு ஒட்டிக்கொள்கிறது. சிறு துண்டுத் தகவல் மட்டுமே கைமாறுகிறது.

1983இல் முன்வைக்கப்பட்ட மாதிரி, இரு விளைவுகளும் ஒரே சந்தியை இருவிதமாக வெட்டுவதால் வருவதாகக் கருதியது. அழகான விளக்கம்தான், ஆனால் 2001இல் வெளியான சோதனைகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. என்டிடி80 மரபணு இல்லாத செல்களில் சந்திகள் வெட்டப்படாமல் குவிந்தன, குறுக்கேற்றம் பெரிதும் குறைந்தது. குறுக்கேற்றமற்ற விளைவுகளோ வழக்கம்போலத் தோன்றின. ஆகவே பாதைகள் சந்திக்கு முன்பே பிரிகின்றன.

வெறும் பழுதுநீக்கத்திற்கு இரண்டாவது வழியே சிக்கனமானது என்பேன். எனினும் 16 குரோமோசோம் இணைகளும் பிசகாமல் பிரிந்துசெல்ல, ஒவ்வோர் இணைக்கும் குறைந்தது ஒரு குறுக்கேற்றமாவது தேவைப்படுகிறது.