பெரம்பூரில் நாய் நடத்தை ஆலோசனை: முதல் வருகையில் பயிற்சி கிடையாது

வாசலில் யார் வந்து நின்றாலும் பாயும் எங்கள் நாட்டு நாய்க்காக, பெரம்பூர் வட்டாரத்தில் வீடு தேடி வரும் நடத்தை ஆலோசகர் ஒருவரை அமர்த்தினோம். முதல் வருகையில் அவர் கேட்டார், பார்த்தார், எழுதிக்கொண்டார், அவ்வளவே. அதற்கும் முழுக் கட்டணமா என்று வீட்டில் முணுமுணுப்பு எழுந்தாலும், கொடுத்த பணத்துக்குப் பெறுமானம் அந்த வருகையில்தான் இருந்தது என்பேன்.

நாய் யாரிடம், எவ்வளவு தொலைவில் உறுமத் தொடங்குகிறது, அதன்பின் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதையெல்லாம் கேட்டறிந்த பிறகு, தண்ணீர் கேன் போடும் தம்பி வந்தபோது கைபேசியில் எடுத்த காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பாய்வதற்குச் சில நொடிகள் முன்பே நாய் உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பி, உடம்பை விறைத்துக்கொள்வதைச் சுட்டிக்காட்டி, இது திமிரன்று, பயம் என்றார். உறுமியதற்காக அடித்தால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் நின்றுபோய் ஒருநாள் சத்தமில்லாமல் கடித்துவிடும் என்றும் விளக்கினார். (இதற்கு முன் வந்த பயிற்சியாளர் பையிலிருந்து முதலில் எடுத்ததே கழுத்தை இறுக்கும் சங்கிலிதான்.)

காதுவலி, மூட்டுவலி, தைராய்டு குறைபாடு போன்றவையும் நாயைச் சீறவைக்கும் என்பதால், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிய பிறகே சிகிச்சையைத் தொடங்கினார். வலது காதில் புண் இருந்தது அங்கேதான் தெரிந்தது.

காலி கேன் உருளும் ஓசையைப் பதிவுசெய்து, மிக மெல்லிய ஒலியில் ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் வேகவைத்த கோழித்துண்டு கொடுக்கச் சொன்னார்; நாய் நிதானமாகத் தின்னும்வரை ஒலியைக் கூட்டக் கூடாது. பின்னர் அந்தத் தம்பியைத் தெருமுனையில் நிற்கவைத்து, சிறிது சிறிதாக நெருங்கச் செய்தோம். பதற்றத்தைத் தணிக்கும் ஃபுளூவாக்சிடின் போன்ற மாத்திரைகளைக் கால்நடை மருத்துவர்தான் எழுத வேண்டும், பலன் தெரிய 4 முதல் 6 வாரங்கள்வரை ஆகலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

குறைகளும் உண்டு. எழுதித் தந்த குறிப்புகள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால், பகலில் நாயோடு இருக்கும் அம்மாவுக்கு அவை பயன்படவில்லை. சாவு ஊர்வலத்து மேளமும் வெடியும் சொல்லாமல் வரும் எங்கள் பக்கத்துத் தெருக்களில், ‘உரத்த சத்தங்களைத் தவிர்க்கவும்’ என்ற வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தண்ணீர் கேன் தம்பி இப்போது வாசல்வரை வருகிறார். சிலிண்டர்காரரைக் கண்டால் உறுமல் இன்னும் தொடர்கிறது. முன்பதிவு செய்வோர் வெறிநோய்த் தடுப்பூசி அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளவும். அதைப் பார்க்காமல் ஆலோசகர் கேட்டைத் தாண்டி உள்ளே வருவதில்லை.