ஃபோகஸ்ரைட்டர்: முதல் வரியிலேயே மாட்டிக்கொள்பவர்களுக்கு

எழுத வரவில்லை என்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவருக்குக் கையில் சரக்கே இல்லை. படிக்கவோ நாலு பேரைப் பார்த்துக் கேட்கவோ போகவேண்டியவர். இன்னொருவரிடம் சரக்கு இருக்கிறது, ஆனால் முதல் வரியை எட்டு முறை அழித்துவிட்டு ஒன்பதாம் முறையாக எழுதிக்கொண்டிருக்கிறார். ஃபோகஸ்ரைட்டர் என்ற எழுதுசெயலி இந்த இரண்டாமவருக்கு உதவும். முதலாமவருக்கு இதனால் காலணா பிரயோஜனம் கிடையாது.

கிரேம் காட் உருவாக்கிய இலவச, கட்டற்ற மென்பொருள் இது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், கைப்பேசிக்கு இல்லை. திறந்தால் திரை முழுக்க ஒரே ஒரு தாள். மவுஸை மேல் விளிம்புக்குக் கொண்டுபோனால் மெனு இறங்கும். கீழ் விளிம்பில் சொல் எண்ணிக்கையும் அன்றைய இலக்கில் எவ்வளவு முடிந்தது என்பதும் தெரியும். மற்ற நேரத்தில் எதுவும் கண்ணில் படாது.

நிறுவியதும் அப்படியே எழுத உட்கார்ந்தால் பாதிப் பலன்தான். முதலில் எழுத்துப்பிழை திருத்தியை அணையுங்கள். ஆங்கில அகராதியோடு அது ஓடினால் தமிழ்ப் பத்தி முழுக்கச் சிவப்புக் கோடு விழும். கோட்டைப் பார்த்தாலே கை பேக்ஸ்பேஸுக்குப் போகும். அடுத்தது செட்டிங்ஸ் மெனுவில் இருக்கும் ஃபோகஸ்டு டெக்ஸ்ட். எழுதிக்கொண்டிருக்கும் இடம் மட்டும் தெளிவாக இருக்க, மற்றதெல்லாம் மங்கிவிடும். ஒரு வரி, மூன்று வரி, ஒரு பத்தி என்று தேர்வுகள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு ஒரு வரி போதலாம். தமிழில் மூன்று வரிதான் சரி. நமக்கு வினைமுற்று கடைசியில் வருகிறது. எழுவாய் இரண்டு வரிக்கு மேலே மங்கிக் கிடந்தால், வந்தாரா வந்தார்களா என்று பார்க்க மேலே போகவேண்டியிருக்கும். போன கண் அங்கேயே திருத்தம் பார்க்க ஆரம்பித்துவிடும்.

தீம் பகுதியில் எழுத்துருவுக்கு நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் வையுங்கள்; வரி இடைவெளி ஒன்றரைக்குக் குறையவேண்டாம், கொம்பும் கொக்கியும் ஒன்றோடொன்று இடிக்கும். பின்னணிப் படம், வண்ணம், தட்டச்சுப்பொறிச் சத்தம் எல்லாம் இருக்கின்றன. ஒரு மணி நேரம் தீம் மாற்றிக்கொண்டிருப்பதும் எழுதாமலிருக்க ஒரு நல்ல சாக்குதான். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு அந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

தினசரி இலக்கை நிமிடத்திலும் வைக்கலாம், சொல்லிலும் வைக்கலாம். தொடக்கத்தில் 15 நிமிடம் என்று வையுங்கள். ஆங்கில எழுத்தாளர்களைப் பார்த்து ஆயிரம் சொல் என்று வைத்தால் மூன்றாம் நாளே விழுந்துவிடும். ‘செய்துகொண்டிருந்திருக்கலாம்’ நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் நான்கு. பழகியபின் சொல் இலக்குக்கு மாறினால் 200-இல் தொடங்கலாம். சொல்லை எண்ணும் முறைகளில் எழுத்தெண்ணிக்கையை 6-ஆல் வகுப்பதும் ஒன்று, அதைத் தொடவேண்டாம். ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் மிகரத்தின் கொக்கியும் ழகரத்தின் புள்ளியும் தனித்தனியாகச் சேர்ந்து ஐந்து. கணக்கு எங்கேயோ போய் நிற்கும்.

நடுவில் ஒரு ஊர்ப்பெயரோ ஆண்டோ தெரியாமல் நின்றால் உலாவியைத் திறக்காதீர்கள். அந்த இடத்தில் @@ போட்டுவிட்டு மேலே எழுதுங்கள். முடிந்தபின் கண்ட்ரோல்-எஃப் அடித்து ஒவ்வொன்றாக நிரப்பலாம். தொடக்கமே வரவில்லையென்றால் தெரிந்த நடுப்பகுதியிலிருந்து எழுதுங்கள். தனி வரியில் ## போட்டால் அடுத்தது புதுக் காட்சியாக, அதாவது தனிப் பகுதியாகப் பிரியும். இடது ஓரப் பட்டியலில் காட்சிகளைப் பிறகு இழுத்து இடம் மாற்றிக்கொள்ளலாம். இந்த மென்பொருளில் அதிகம் பேர் கவனிக்காத, ஆனால் அதிகம் உதவும் வசதி இதுதான்.

குறைகள் உண்டு. இணையத்தை இது தடுக்காது. ஆல்ட்-டேப் அடித்தால் உலகம் அங்கேயே இருக்கிறது. வைஃபையை நீங்கள்தான் அணைக்கவேண்டும். தினசரி இலக்கைத் தொடர்ந்து எட்டிய நாள்களின் கணக்கையும் இது வைத்திருக்கும்; அது நாற்பது நாள் ஏறி ஒரு நாள் அறுந்தால், அதோடு விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்காமலே இருக்கலாம்.

இன்னொன்று, இது மென்பொருளின் குறை இல்லை. தமிழில் பலருக்கு எழுத்துத் தடை என்று தோன்றுவது உண்மையில் தட்டச்சுத் தடை. ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் ‘அம்மா’வுக்கு ஐந்து தட்டு; தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் அ, ம, ம, ஆ என்று நான்கு, புள்ளி தானாக விழும். ‘தந்த’வுக்கு த, ந, த என்று மூன்றே தட்டு. ஒரு பக்கத்தில் இந்த மிச்சம் நிறையச் சேரும். விரல் சிந்தனைக்குப் பின்தங்கினால், பாதி வாக்கியத்திலேயே அடுத்த பாதி மறந்துவிடும். தமிழ்99-ஐப் பழகாமல் எந்த எழுதுசெயலியை மாற்றியும் லாபமில்லை.

பென்டிரைவில் வைத்துக்கொள்ள விரும்பினால், நிரல் இருக்கும் ஃபோல்டருக்குள் ‘டேட்டா’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு ஒரு ஃபோல்டர் போடுங்கள். அமைப்புகள் எல்லாம் அதிலேயே சேமிக்கப்படும். எழுத்துரு மட்டும் கூட வராது. அலுவலகக் கணினியில் அது இல்லையென்றால் அங்கே இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவில்தான் எழுதவேண்டியிருக்கும்.