கேளாமல் வந்து சேர்ந்த லாங் டிஸ்டன்ஸ் சேவை: ஒரு மதிப்புரை

1997-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசனில் குடியிருந்தபோது, நான் கேட்காமலேயே என் வீட்டுத் தொலைபேசிக்கு வந்து சேர்ந்து, ஆறு வாரம் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு லாங் டிஸ்டன்ஸ், அதாவது தொலைதூர அழைப்புச் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. குரல் தெளிவில் ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்துக்குப் போட்ட அழைப்பு எப்போதும்போலவே கிடைத்தது. வம்பே அதில்தான் இருந்தது. இப்படி வந்து ஒட்டிக்கொண்ட சிறு நிறுவனங்களில் பல, பெரிய நிறுவனங்களின் அழைப்பு நிமிடங்களை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்றவை என்பதால், நிறுவனம் மாறியது காதுக்குத் தெரியாது. பில்லைக் கடைசிப் பக்கம்வரை புரட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

அமெரிக்கத் தொலைபேசிச் சேவையைப் பெரும்பாலும் தன் கையில் வைத்திருந்த ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 1984 ஜனவரி 1 அன்று உடைக்கப்பட்ட பிறகு, உள்ளூர் இணைப்பு ஒரு நிறுவனத்திடமும், தொலைதூர அழைப்பு வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கும் இன்னொரு நிறுவனத்திடமும் இருப்பது என்ற ஏற்பாடு அமெரிக்காவில் பரவியது. அந்நாளில் 'இவர் இனி எங்கள் வாடிக்கையாளர்' என்று தொலைதூர நிறுவனம் தகவல் அனுப்பினால் போதும், உள்ளூர் நிறுவனம் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்காமல் இணைப்பை மாற்றிவிடும். கட்டணத்தையும் தன் பில்லிலேயே சேர்த்து வசூலித்துக் கொடுக்கும். அப்படி மாற்றியதற்கான 5 டாலரும் நம் தலையில்தான் விழும். இந்த ஓட்டை வழியாக ஆள் பிடிப்பதற்கு அங்கே 'ஸ்லாமிங்' என்று பெயர்.

என் பழைய திட்டத்தில் இந்தியாவுக்கு நிமிடத்துக்கு 70 சென்ட். புதியவர்கள் எந்தத் திட்டத்திலும் சேர்க்காமல் 2 டாலர் 10 சென்ட் போட்டிருந்தார்கள். வழக்கமாக 60 டாலரில் முடியும் மாதம் 185 டாலரில் வந்து நின்றது. வாடிக்கையாளர் சேவையை அழைத்து, நாற்பது நிமிடம் வாத்திய இசையைக் கேட்டுக் காத்திருந்த பிறகு பேசிய பெண், உங்கள் வீட்டில் சம்மதம் சொன்னதற்குப் பதிவு இருக்கிறது என்று அதைப் போட்டுக் காட்டினார். ஒலித்தது என் அம்மாவின் குரல். பேத்தி பிறந்ததற்காக ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் பேச 'ஹலோ', 'எஸ்', 'ஓகே' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களே போதுமானவையாக இருந்தன. சேவையை விற்க அழைத்தவன் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் அவர் அந்த மூன்றையும் மரியாதையாக மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார்; நான்காவது கேள்வி, இந்தத் தொலைபேசி பற்றி முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டா என்பது.

பெரிய நிறுவனங்களும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அவை அனுப்பிய காசோலைகளை நான் அவ்வளவு குறை கூறுவதில்லை. 50 டாலர், 100 டாலர் என்று தபாலில் வரும் அந்தக் காசோலையின் பின்புறம் கையெழுத்திட்டு வங்கியில் போட்டால், இணைப்பை மாற்றச் சம்மதித்ததாகப் பொருள். அதையும் அங்கேயே அச்சிட்டிருப்பார்கள். போன வாடிக்கையாளரைத் திரும்ப இழுக்க இன்னொரு காசோலை வரும். எங்கள் அடுக்குமாடியில் ஏ.டி. அண்ட் டி.க்கும் அதன் போட்டி நிறுவனமான எம்.சி.ஐ.க்கும் இடையே மாப்பிள்ளை முறுக்கோடு போய் வந்து, சீர் வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. அழைக்கும் எண்ணுக்கு முன்னால் அழுத்தி, அந்த ஓர் அழைப்பை மட்டும் வேறு நிறுவனம் வழியாக அனுப்பிய அந்நாளைய 10-10-220 போன்ற எண்கள் வேறு ரகம்: 20 நிமிடம் வரை 99 சென்ட் என்ற விளம்பரம் உண்மைதான், ஆனால் எதிர்முனையில் பதிவு இயந்திரம் எடுத்து அரை நிமிடத்தில் வைத்துவிட்டாலும் அதே 99 சென்ட். அதன் பின்னால் இருந்தது எம்.சி.ஐ. என்பதை விளம்பரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது டெக்சாஸில் நடந்தது. அங்கே ஒரு நிறுவனம் 'ஐ டோன்ட் கேர்', 'ஐ டோன்ட் நோ' என்பவற்றையே தன் பெயர்களாகப் பதிவு செய்துகொண்டது. எந்த நிறுவனம் வழியாக இணைக்கட்டும் என்று ஆபரேட்டர் கேட்க, 'எதுவானாலும் சரி' என்று சொன்னவரின் அழைப்பு நேராக அவர்களிடமே போய்ச் சேர்ந்தது. இப்படியொரு மூளையை நல்ல வழியில் செலவழித்திருக்கலாம்.

1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் ஸ்லாமிங்கைத் தடை செய்திருந்தும் இது நின்றபாடில்லை. 1998-இல் ஒரே ஆளின் பிடியிலிருந்த எட்டு நிறுவனங்களின் உரிமத்தை அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி. ரத்து செய்து, 56 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. 2000-இல் இறுதியான விதிப்படி, ஏமாற்றப்பட்டவர் பணம் கட்டியிராவிட்டால் முதல் 30 நாள் அழைப்புகளுக்குக் காசே தர வேண்டியதில்லை. எனக்கு அந்த யோகம் இல்லை. நான் உள்ளூர் நிறுவனத்திடம் முறையிட்டு, பழைய கட்டணத்தின்படி கணக்கிட்ட 60 டாலரை மட்டும் கட்டினேன். அந்த 5 டாலரைத் தள்ளுபடி செய்தார்கள். என் எழுத்துப்பூர்வச் சம்மதமின்றி இனி மாற்றக் கூடாது என்று இணைப்புக்கு ஒரு பூட்டும் போட்டுவைத்தேன். அதற்குப் பிறகும் மாதம் ஒரு முறை 700-555-4141 என்ற எண்ணை அழைத்து, அந்த மாதம் நான் யாருடைய வாடிக்கையாளர் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அம்மா ஊருக்குக் கிளம்பும்வரை, வந்த அழைப்புகளுக்கெல்லாம் தமிழிலேயே, "யாரு பேசறது? அவன் ஆபீஸ் போயிருக்கான்" என்று விசாரித்தார், விற்க வந்தவர்களில் ஒருவரும் இரண்டாவது வாக்கியம்வரை காத்திருக்கவில்லை.