உரம் குழித்தட்டுக்கா, தாய்ச்செடிக்கா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் செம்பருத்தி, இட்லிப்பூ, காகிதப்பூ போத்து (வேர்விட வெட்டி நடும் குச்சி) போடுகிறவர்கள் உரம் வைக்க இரண்டு வழி உண்டு. குச்சி நடும் குழித்தட்டில் நிரப்பும் தென்னை நார்க்கழிவிலேயே உரத்தைக் கலந்துவிடலாம். அல்லது போத்து எடுக்கும் தாய்ச்செடியை முன்கூட்டியே தேற்றலாம். எங்கள் நர்சரியில் இரண்டாவது வழிக்கு மாறிவிட்டோம்.

தட்டில் கலப்பது சுலபம், செலவும் குறைவு. ஆனால் வேரே இல்லாத குச்சி அதில் எவ்வளவு உறிஞ்சிவிடும்? சரியாகக் கழுவாத நார்க்கழிவில் ஏற்கெனவே உப்பு இருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தட்டு காயக் காய அந்த உப்பு செறிந்து, குச்சியின் அடி கருத்துவிடும்.

வேர் உருவாவது தண்டில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தை வைத்துத்தான். எங்களை மாற வைத்ததும் இதுதான். தாய்ச்செடிக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் தளிர் தளதளவென்று நீளும். சத்தெல்லாம் இலைக்கே செலவாகி, தண்டு வெறும் நீராக நிற்கும். அமெரிக்காவில் கிரௌஸ், கிரேபில் இருவரும் 1918இல் தக்காளித் தண்டுகளில் இதைக் காட்டினார்கள். மாவுச்சத்து மிகுந்து தழைச்சத்து (யூரியா தரும் நைட்ரஜன்) குறைந்த மஞ்சள் தண்டு நிறைய வேர் விட்டது, தளிர் நோஞ்சான். இரண்டும் இருந்த பச்சைத் தண்டில் வேர் கொஞ்சம் குறைவு, தளிர் திடம். மாவுச்சத்து குறைந்த கொழுத்த தண்டு வேர்விடாமலே அழுகியது.

விற்கிறவருக்கு வேண்டியது இந்த மூன்றில் நடுவில் சொன்ன பச்சைத் தண்டு. வாங்க வருகிறவர் பார்ப்பது தளிரைத்தானே! அதனால் தாய்ச்செடியைப் பட்டினி போடவும் கூடாது. மக்கிய தொழு உரம், அளவாகப் பொட்டாஷ் கொடுத்து, போத்து எடுப்பதற்குச் சில வாரம் முன்பே யூரியாவை நிறுத்திவிடுகிறோம். நல்ல வெயில் படும் பக்கக் கிளைகளை மட்டும் எடுக்கிறோம். சந்தேகமாக இருந்தால் வெட்டு முனையை அயோடின் கரைசலில் நனைத்துப் பாருங்கள். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாகும்.

இலை சிறுத்திருந்தால் துத்தநாகமும் பார்க்க வேண்டும். செடி தன் வேர் ஊக்கியைத் தயாரிக்க அது தேவை.

வேர் தெரிந்த பிறகு தட்டு உரத்துக்கும் வேலை உண்டு. குச்சி வாடாமலிருக்க மூடுபனி போலத் தண்ணீர் தெளிக்கும் பனித்தூவலில் இலையிலுள்ள சத்து கரைந்து போயிருக்கும். லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள உரம்) போதும். சாமந்தியில் மட்டும் எங்களுக்கு அனுபவம் குறைவு. அது இளந்தண்டிலேயே சீக்கிரம் வேர்விடுவதால் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாமல் போகலாம்.